ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்று எழுதியிருந்தால் கிட்னி போய்விட்டது என்று அர்த்தமா?

கேள்வி: கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி, மே 9

அம்மாவுக்கு 54 வயசு. மூணு நாளா வலது விலாவுக்குக் கீழ பிடிச்சு அடிவயிறு வரைக்கும் வலி. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க ஒண்ணுக்கு முட்டுது, போனா சொட்டுதான் வருது. ஸ்கேன்ல ‘ரைட் வி.யு.ஜே. கால்குலஸ் 5 எம்.எம்., மைல்டு ஹைட்ரோயூரிட்டரோநெஃப்ரோசிஸ்’னு போட்டிருக்கு. யூரின்ல பஸ் செல்ஸ் 18-20. டாக்டர் மாத்திரை எழுதி, தண்ணி நிறைய குடிங்க, பத்து நாள் கழிச்சு வாங்கன்னுட்டார். வெளிய நல்ல கூட்டம், மேற்கொண்டு கேக்க முடியல. பக்கத்து வீட்டு மாமி ரிப்போர்ட்டைப் பாத்துட்டு, நெஃப்ரோன்னா கிட்னி, கிட்னி போயாச்சுன்னு சொல்லிட்டாங்க. யூரின்ல சீழும் இருக்காம். அம்மா ராத்திரி பூரா ஒரே அழுகை. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மே 9, இரவு 10.40

போகவில்லை தங்கச்சி. அம்மாவை எழுப்பியாவது சொல்லிவிடுங்கள், மீதியை அப்புறம் வாசிக்கலாம்.

நான் டாக்டர் இல்லை. தக்கலைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் 12 வருஷமாக ரிப்போர்ட் டைப் செய்கிறேன். டாக்டர் பார்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல, இந்தப் பக்கம் நான் அடிப்பேன். முதல் ஆறு மாதம் எழுத்துக்கூட்டி அடித்ததுதான், ஒன்றும் புரியாது. பிறகு ஒவ்வொரு வார்த்தையாக டாக்டரிடமே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டு இப்போது என் மடியில் இருக்கிறது.

அந்த நீளமான வார்த்தையை உடைத்துப் பாருங்கள். ஹைட்ரோ என்றால் நீர். யூரிட்டர் என்பது கிட்னியிலிருந்து மூத்திரப் பைக்கு இறங்கும் குழாய். நெஃப்ரோ கிட்னி. ‘ஓசிஸ்’ என்று முடிந்தால் அப்படி ஒரு நிலை என்று பொருள், கெட்டுப்போனது என்று இல்லை. அதாவது நீர் தேங்கி, அந்தக் குழாயும் கிட்னியின் உள்ளறையும் கொஞ்சம் விரிந்திருக்கின்றன. மைல்டு என்றால் லேசாக. கால்வாய் மடையில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டால் பின்னால் தண்ணீர் ஏறி நிற்கும் இல்லையா, அதுதான் இது. அடைப்பை எடுத்தால் தண்ணீர் வடியும்.

அடைத்தது எது என்றும் அந்த வரியிலேயே இருக்கிறது. கால்குலஸ் என்றால் கல். லத்தீனில் கூழாங்கல்லுக்கு அந்தப் பேர், அந்தக் காலத்தில் கூழாங்கல்லை வைத்துக் கணக்குப் பார்த்ததால்தான் கால்குலேட்டர் என்ற பேரும் வந்தது. வி.யு.ஜே. என்பது அந்தக் குழாய் மூத்திரப் பையில் வந்து சேரும் முனை. குழாயின் நீளம் 25, 30 செ.மீ. இருக்கும். அம்மாவின் கல் கிட்டத்தட்ட அத்தனை தூரத்தையும் கடந்து வாசல்படியில் நிற்கிறது. அந்த வாசல்தான் குழாயிலேயே ஆக ஒடுக்கமான இடம். கல் அங்கே நின்றால் பை முட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி தோன்றும், அதனால்தான் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க ஓட வைக்கிறது. 5 மி.மீ. அளவுள்ள கல், அதுவும் இவ்வளவு கீழே வந்தது, பெரும்பாலும் தானே இறங்கிவிடும்.

பஸ் செல் என்பது ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணு. மூத்திரத்தில் 0-5 இருப்பது சாதாரணம். 18-20 என்றால் கிருமி இருக்கலாம், கல் உரசி உரசி அந்த இடம் புண்பட்டும் கூடியிருக்கலாம். அகராதியைப் பார்த்து ‘சீழ்’ என்று எழுதிவிட்டால் ஏதோ கட்டி பழுத்து உடைந்த மாதிரி மனசில் படம் வந்துவிடுகிறது. அப்படி ஒன்றும் இல்லை.

மே 10, காலை 5.20

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது, முக்கியமானதை விட்டுவிட்டேன். தானே இறங்கிவிடும் என்று நான் எழுதியது காய்ச்சல் இல்லாத வரைக்கும்தான். கல் அடைத்து நிற்கும்போது குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, வாந்தி நிற்காமல் மாத்திரையே தங்கவில்லை என்றாலோ, ஒண்ணுக்கே போகாமல் நின்றுவிட்டாலோ பத்து நாள் கணக்குப் பார்க்கக் கூடாது. அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும், பாதி ராத்திரியானாலும் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள். தேங்கின நீரில் கிருமி சேர்ந்தால் நேரே ரத்தத்துக்கு ஏறும், கிட்னி ஒரே நாளில் பழுதாகலாம், உயிருக்கே ஆபத்து. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மே 10, மதியம்

காய்ச்சல் இல்லை என்று பதில் பார்த்தேன். சந்தோஷம்.

மே 11, இரவு

கீழே ஒரு அண்ணன், “யூரிட்டர்னா ஒண்ணுக்குப் போற குழாய்தானே, அப்ப கல்லு வெளிய தெரியுமே” என்று கேட்டிருக்கிறார். இந்தக் குழப்பம் ஒரு வீட்டையே என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும்.

என் சொந்த அண்ணனுக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் ‘லெஃப்ட் யூரிட்டரிக் கால்குலஸ்’ என்று வந்தது. மயினி (அண்ணி) அதை யூரித்ரா என்று வாசித்துவிட்டாள். ஆணுறுப்புக்குள் கல் சிக்கியிருக்கிறது என்று நினைத்து இரண்டு பேருமாக வெட்கப்பட்டு என்னிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு நாள் அவன் வலியில் தரையில் உருண்டிருக்கிறான். நான் இந்த வேலை பார்க்கிறேன் என்று தெரிந்தும் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

யூரிட்டர் இரண்டு, கிட்னிக்கு ஒன்று. யூரித்ரா ஒன்றே ஒன்று, பையிலிருந்து வெளியே வருகிற வழி. ஸ்கூல் புத்தகத்தில் முதலாவது சிறுநீர் நாளம், இரண்டாவது சிறுநீர்ப் புறவழி. நல்ல வார்த்தைகள், ஆனால் பரீட்சை முடிந்த அன்றைக்கே நாம் விட்டுவிட்டோம். பேப்பரிலும் டி.வி.யிலும் இரண்டையும் ‘சிறுநீர்க் குழாய்’ என்றே சொல்கிறார்கள். அதனால் எங்கள் வீட்டில் மேல்குழாய், கீழ்குழாய் என்று பேர் வைத்துவிட்டோம். இனி இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கருங்கல் அம்மாவின் கல் மேல்குழாயின் கடைசியில் இருக்கிறது. பைக்குள் விழுந்துவிட்டால் கீழ்குழாய் அதைவிட அகலம், பெரும்பாலும் லேசாக வந்துவிடும்.

‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, அதாவது அந்த இடம் சிவந்து வீங்கி வலிக்கிறது. யூரித்ரைட்டிஸ் என்றால் கீழ்குழாயில், சிஸ்டைட்டிஸ் என்றால் பையில், பைலோநெஃப்ரைட்டிஸ் என்றால் கிட்னியில். எல்லாவற்றையும் சேர்த்து யூ.டி.ஐ., அதாவது மூத்திர வழியில் கிருமித் தொற்று, என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் பையோடு நிற்கிறதா, கிட்னி வரை ஏறிவிட்டதா என்பதில்தான் மருந்தும் நாளும் மாறும். முதுகுப் பக்கம் வலியும் காய்ச்சலும் சேர்ந்தால் ஏறியிருக்கலாம்.

மே 13

சிஸ்டைட்டிஸ் என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு ஒருவர், “எனக்கும் சிஸ்ட் இருக்கு, ஆபரேஷன் பண்ணணுமா” என்று கேட்கிறார். இரண்டும் வேறு வேறு. கிரேக்கத்தில் பைக்கு ‘கிஸ்டிஸ்’ என்று பேர், அதிலிருந்து இரண்டு வார்த்தையும் பிறந்ததால் வந்த வினை. சிஸ்ட் என்றால் நீர்க்கட்டி. சிஸ்டைட்டிஸ் என்றால் மூத்திரப் பை அழற்சி, அங்கே கட்டி எதுவும் கிடையாது. சிஸ்டோஸ்கோப்பி என்றால் கேமரா விட்டுப் பையைப் பார்ப்பது. உங்கள் ரிப்போர்ட்டில் ‘சிம்பிள் கார்ட்டிக்கல் சிஸ்ட்’ என்று இருக்கிறது, கிட்னியின் வெளிப்பகுதியில் ஒரு சாதாரண நீர்க்கட்டி. வயதானவர்கள் பலருக்கு நான் அடிக்கிற வரி அது, பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ‘சிம்பிள்’ என்ற வார்த்தை அங்கே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ‘காம்ப்ளெக்ஸ்’ என்று இருந்தால் டாக்டரிடம் விவரமாகக் கேட்க வேண்டும்.

இன்னொருவர் ‘ஜி.பி. கால்குலஸ்’ ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மூன்று மாதமாக வாழைத்தண்டுச் சாறு குடித்து வருகிறாராம். ஜி.பி. என்பது பித்தப்பை. உங்கள் கல் மூத்திர வழியிலேயே இல்லை. கல் என்ற வார்த்தை ஒன்று, இருக்கிற ஊர் வேறு. வலது பக்கம் விலாவுக்குக் கீழே சாப்பிட்ட பிறகு வலி வருகிறதா என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

மே 16, இரவு

“இதெல்லாம் சூடு. எங்க பாட்டி பெருவிரல் நகத்துல சுண்ணாம்பு தடவுவா, அரைமணிக்கூர்ல சரியாவும்” என்று ஒரு அக்கா எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டிலும் அதே சுண்ணாம்புதான். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ‘சூடு பிடிச்சிருக்கு’ என்ற பேரைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது.

சூடு என்று சொன்னதும் காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி வந்துவிடும். வெயில், மாங்காய், சூட்டுச் சாமான் என்று எதன் மேலாவது பழியைப் போட்டு, இளநீர் குடித்து, அடுத்த ஞாயிறு வரை பார்த்துக்கொள்வோம். எங்கள் அம்மா அப்படித்தான் பார்த்துக்கொண்டாள்.

அம்மா 19 வருஷம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்தவள். அண்டிப் பருப்பில் தோல் உரிப்பாள், அதற்கு முன்னால் கொட்டையைத் தல்லி உடைப்பாள். தோட்டுப் பால் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அதற்குச் சாம்பலைத் தொட்டுக்கொள்வார்கள். காலையில் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுப் போனால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் போக வேண்டும், எழுந்து போனால் அந்த நேரத்துக்கு எடை குறையும், கூலி குறையும். போகிற இடமும் நிற்கிற மாதிரி இருக்காது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்னே பின்பக்கம் ஓடுவாள், அங்கிருந்து பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். மாதம் ஒருமுறை இந்தக் கடுப்பு வரும். ஒவ்வொரு முறையும் சூடு என்றுதான் சொன்னாள்.

பெண்களுக்குக் கீழ்குழாய் 4 செ.மீ.தான், ஆண்களுக்கு 20 செ.மீ. வரை வரும். கிருமி பைக்கு ஏறுவதற்கு அவ்வளவு குறைந்த தூரம். அதோடு தண்ணீரும் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைத்தால் உள்ளே போன கிருமியைக் கழுவி வெளியேற்ற ஒன்றும் இல்லை. இது எனக்குத் தெரிந்தபோது அம்மா வேலையை விட்டே எட்டு வருஷம் ஆகியிருந்தது.

மே 17

நேற்று எழுதியதை வாசித்தால் நம் ஊர்ப் பேச்சு முழுவதையும் குறை சொன்ன மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை, சூடு என்ற ஒரு வார்த்தைதான் எனக்குச் சரிப்படவில்லை. மற்ற வார்த்தைகள் அவ்வளவு துல்லியம்.

நீர்க்கடுப்பு: போகும்போது கடுக்கிறது, எரிகிறது. ரிப்போர்ட்டில் டிஸ்யூரியா. நீர்ச்சுருக்கு: அளவு சுருங்கிப் போச்சு. நீரடைப்பு: பை நிறைந்தும் வெளியே வரவில்லை, அது ரிடென்ஷன். கல்லடைப்பு என்ற பேரில் காரணமே இருக்கிறது. சித்த வைத்தியத்தில் சதையடைப்பு என்றும் ஒன்று உண்டு, வழியில் சதை வளர்ந்து அடைப்பது. வயசான ஆண்களுக்குப் புராஸ்டேட் பெருத்து வருகிற தொந்தரவுக்கு அதைவிட நல்ல பேர் எனக்குத் தெரிந்து இல்லை. நீரிழிவு என்பதே நீர் இழிவது, அதாவது நீராக இறங்கிக்கொண்டே இருப்பது. சர்க்கரை என்று நாம் சொல்லத் தொடங்கிய பிறகு அந்தப் பொருள் மறந்துவிட்டது.

டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் இந்த வார்த்தைகளைச் சொல்லுங்கள். “யூரின் இன்ஃபெக்ஷன் டாக்டர்” என்று நாமே பேர் வைத்துக்கொண்டு போனால் அவர் அதற்குத்தான் மருந்து எழுதுவார். கடுக்கிறதா, முட்டுகிறதா, சொட்டுகிறதா, ஆரம்பிக்கத் தாமதமாகிறதா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறோம் என்று சொன்னால் ஒவ்வொன்றும் அவருக்கு ஒவ்வொரு வழியைக் காட்டும். ராத்திரி எழுவதற்கே நாக்டூரியா என்று தனிப் பேர் இருக்கிறது. ‘யூரியா’ என்று முடிகிற வார்த்தைகள் பெரும்பாலும் மூத்திரத்தில் என்ன கண்டார்கள், எப்படிப் போகிறது என்பதைச் சொல்கிறவை. ஹெமட்டூரியா ரத்தம், புரோட்டீனூரியா புரதம், பையூரியா அந்தப் பஸ் செல், பாலியூரியா அளவு கூடினது. இவற்றில் ஒன்றுகூட நோயின் பேர் கிடையாது. ஏன் ரத்தம், ஏன் புரதம் என்று அடுத்த கேள்வியை நாம் கேட்க வேண்டும்.

மேகம் என்ற சொல்லைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டார். சித்த நூல்களில் அது பரந்த சொல், மதுமேகம் என்றால் சர்க்கரை நோய். ஊரில் மேகநோய் என்றால் தப்பான உறவால் வந்த நோய் என்று வேறு மாதிரிப் பார்ப்பார்கள். வைத்தியர் அந்தச் சொல்லைச் சொன்னார் என்று மனைவியிடம் மறைக்க வேண்டாம் அண்ணா, அவரிடமே எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று கேளுங்கள்.

மே 18, காலை

ஒரு திருத்தம். இளநீரைப் பற்றி நான் போகிறபோக்கில் எழுதியதைப் பார்த்து, “கிரியாட்டினின் 3.2 உள்ள எங்க அப்பாவுக்கு தினம் ரெண்டு இளநீர் குடுக்கலாமா” என்று ஒரு தம்பி கேட்கிறார். டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கிரியாட்டினின் என்பது கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு, அது இவ்வளவு கூடியிருந்தால் கிட்னி வேலை குறைந்திருக்கிறது என்று பொருள். இளநீரில் பொட்டாசியம் நிறைய. கிட்னி வேலை குறைந்தவர்களுக்கு அது வெளியேறாமல் ரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பையே பாதிக்கும். தண்ணீர் நிறைய குடிங்க என்பதும் அப்படித்தான். கல் உள்ளவருக்குச் சொன்னதைக் கிட்னி பழுதான, கால் வீங்கின ஆளுக்குச் சொல்லக் கூடாது.

அப்பாவை நெஃப்ராலஜிஸ்ட்டிடம் காட்ட வேண்டுமா, யூராலஜிஸ்ட்டிடமா என்றும் கேட்டிருந்தீர்கள். கிட்னி என்ற அரிப்பு சரியாக வேலை செய்கிறதா, மருந்து, டயாலிசிஸ் என்பதெல்லாம் நெஃப்ராலஜிஸ்ட். குழாய், பை, கல், புராஸ்டேட், ஆபரேஷன் என்றால் யூராலஜிஸ்ட். உங்கள் அப்பாவுக்கு முதலாமவர்.

மே 18, மாலை

வெளியூர் வாசகருக்காக: எங்கள் பக்கம் டீ வடிகட்டியை அரிப்பு என்போம். கிட்னி என்ற அரிப்பு என்று நான் எழுதியதைச் சொறிகிற அரிப்பு என்று எடுத்துக்கொண்டு கவலைப்பட வேண்டாம்.

மே 24, இரவு

இதை எழுதலாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். மாமாவிடம் கேட்டேன், “எழுது மக்களே, யாருக்காவது ஒதவட்டும்” என்றார்.

மாமா சவுதியில் டிரைவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் 45 நாள் லீவில் வந்தபோது இடது பக்கம் கல் என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கேமரா விட்டு, லேசரால் உடைத்து எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் கடைசி வரிக்கு முந்தின வரி: ‘லெஃப்ட் டி.ஜே. ஸ்டென்ட் இன் சிட்டு. ரிவ்யூ 3 வீக்ஸ் ஃபார் எஸ்.ஆர்.’ ஸ்டென்ட் என்றால் வழி அடைக்காமல் இருக்க உள்ளே வைக்கிற மெல்லிய டியூப். ஸ்டென்ட் வைத்திருக்கிறோம் என்று வாயாலும் சொன்னார்களாம். எடுக்க வரணும் என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை என்கிறார். சொல்லியும் இவர் மயக்கத்தில் கேட்காமல் இருந்திருக்கலாம். அத்தை அந்த நேரம் பில் கட்டுகிற இடத்தில் நின்றிருக்கிறாள்.

மாமாவோடு ரூமில் இருந்தவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. அது ஆயுசுக்கும் இருக்கும் என்று அவர் அடிக்கடி சொல்வாராம். இதுவும் அப்படித்தான் என்று மாமா எடுத்துக்கொண்டார். பதினெட்டாம் நாள் விமானம் ஏறிவிட்டார்.

இதயத்து ஸ்டென்ட் அங்கேயே இருக்க வைப்பது. மேல்குழாயில் வைக்கிற ஸ்டென்ட் எடுப்பதற்காக வைப்பது, சில வாரம், மிஞ்சினால் மூன்று மாதம் என்று டாக்டர் சொல்கிற கணக்கு. இரண்டு முனையும் ஜே என்ற ஆங்கில எழுத்து மாதிரி சுருண்டிருப்பதால் டபுள் ஜே, சுருக்கமாக டி.ஜே. மேல் சுருள் கிட்னியில், கீழ் சுருள் பையில், நழுவாமல் இருக்க. ‘இன் சிட்டு’ என்றால் லத்தீனில் ‘இருந்த இடத்திலேயே’, அதாவது உள்ளேதான் இருக்கிறது. எஸ்.ஆர். என்றால் ஸ்டென்ட் ரிமூவல். அந்த ஒரு வரியில் எல்லாமே இருந்தது. மாமா அந்தத் தாளை பாஸ்போர்ட்டோடு பத்திரமாக பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார், 14 மாதமும்.

அடுத்த லீவில் வந்தபோது மூத்திரம் பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் போயிற்று. எங்கள் சென்டருக்குத்தான் வந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டினபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இடது பக்கம் மேலிருந்து கீழே ஒரு வெள்ளைக் கோடு, கீழ் சுருளைச் சுற்றி முந்திரிக்கொட்டை அளவுக்குக் கல் படிந்திருந்தது. அன்றைக்கு அந்த ரிப்போர்ட்டை அடிக்க விரல் வரவில்லை, பக்கத்து சீட்டுப் பெண்தான் அடித்தாள். எடுக்க இரண்டு ஆபரேஷன் ஆனது. கிட்னி தப்பியது.

கல் ஆபரேஷன் முடிந்து வருகிறவர்கள் யாராக இருந்தாலும் டிஸ்சார்ஜ் தாளில் ஸ்டென்ட் என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுக்க வேண்டிய தேதியைக் கேட்டு, வீட்டு காலண்டரில் வட்டம் போடுங்கள். கடலுக்கு மாதக்கணக்கில் போகிற தூத்தூர், சின்னத்துறை அண்ணன்மார்களும் வெளிநாடு போகிறவர்களும் போவதற்கு முன்னால் கேளுங்கள்.

மே 27

மாமா கதைக்கு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் தன் தாளைத் தேடி எடுத்துப் பார்த்து, வெள்ளிக்கிழமை போகிறாராம். மாமாவிடம் சொன்னேன்.

ஜூன் 3, இரவு

இன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் எனக்கு அப்பா நினைவுதான். அப்பா ரப்பர் பால் வெட்டுக்குப் போனவர், 71 வயசில் ஒரு ஜூன் மாதம் சளிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார். அன்று சாயங்காலத்திலிருந்து ஒண்ணுக்குப் போகவில்லை. தம்பி போனில், “யூரின் வரல, கிட்னி நின்னு போச்சு” என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டான். நான் போனபோது அப்பா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு, குனியவும் முடியாமல் நிமிரவும் முடியாமல் நின்றார்.

காஷுவாலிட்டியில் நர்ஸ் அக்கா ஒன்றும் கேட்கவில்லை, அடிவயிற்றில் கையை வைத்துப் பார்த்தார்கள். தேங்காய் மாதிரி இறுகியிருந்தது. “இது ரிடென்ஷன்மா, கிட்னி நல்லா வேலை செய்யுது, அதான் இவ்வளவு நிறைஞ்சிருக்கு” என்றார்கள். அந்த வாக்கியத்தை நான் மறக்கவே மாட்டேன். ‘மூத்திரம் போகல’ என்று நாம் சொல்வதில் இரண்டு இருக்கிறது. கிட்னியே நீர் உண்டாக்கவில்லை என்றால் அனூரியா, பை காலியாக இருக்கும். உண்டாக்கின நீர் வழி அடைத்து நின்றால் ரிடென்ஷன், பை நிறைந்திருக்கும். டியூப் போட்டதும் 900 மில்லி வடிந்தது. சாதாரணமாகப் பை 400, 500-லேயே முட்டிவிடும். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, “அம்மாடி” என்று ஒரு சொல்தான் சொன்னார்.

சில சளி மாத்திரைகள் புராஸ்டேட் பெருத்தவர்களுக்கு இப்படிச் செய்யும். வயசான ஆண்கள் கடையில் வாங்கும்போது, மூத்திரம் மெதுவாகத்தான் போகும் என்று சொல்லி வாங்க வேண்டும்.

அந்த டியூப் கவரில் 16 என்று போட்டிருந்ததைப் பார்த்துத் தம்பி 16 மில்லிமீட்டரா என்று பதறினான். அது பிரெஞ்சு அளவு, பாரிஸில் ஷாரியர் என்ற கருவி செய்கிறவர் ஏற்படுத்தினது. மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டர் வரும், 16 என்றால் ஐந்து மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பிறகு ஸ்கேனில் ‘பி.பி.ஹெச்.’ என்று வந்தது, புராஸ்டேட் பெருத்திருக்கிறது என்று அர்த்தம். அதில் முதல் எழுத்து பிநைன், புற்று இல்லை என்று பொருள். வீட்டில் எல்லோரும் கடைசி இரண்டு எழுத்தைப் பற்றியே கேட்டார்கள், நான் முதல் எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். பி.வி.ஆர். என்றும் ஒரு எண் இருக்கும். ஒண்ணுக்குப் போன பிறகும் பையில் எவ்வளவு மிச்சம் என்று. அப்பாவுக்கு மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் 180-லிருந்து 40 மில்லிக்கு வந்தது.

ஜூன் 5

கல்ச்சர் ரிப்போர்ட் பற்றி மூன்று பேர் கேட்டிருப்பதால் ஒரே பதில். மூத்திரத்தில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கிற சோதனை அது. ஒண்ணுக்குப் போகும்போது முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், பாட்டிலின் உள்பக்கத்தை விரலால் தொடக் கூடாது. ‘எபித்தீலியல் செல்ஸ்’ நிறைய என்றிருந்தால் தோல் பக்கத்து அணுக்கள் கலந்திருக்கின்றன, திரும்ப எடுக்கச் சொல்வார்கள். ‘மிக்ஸ்டு குரோத்’, அதாவது பல கிருமி கலந்து வளர்ந்தது, என்றாலும் பெரும்பாலும் அதுதான். ஒரு மில்லியில் ஒரு லட்சம் கிருமிக்கு மேல் இருந்தால் இன்ஃபெக்ஷன் என்பது பொதுவான கணக்கு. அதிகம் வருவது ஈ கோலி, நம் குடலிலேயே இருப்பது. பக்கத்தில் எஸ் போட்டிருக்கிற மருந்து கேட்கும், ஆர் போட்டது கேட்காது. எஸ் போட்ட பட்டியலைப் பார்த்து நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம், எது கிட்னிக்கு ஆகும், கர்ப்பிணிக்கு ஆகும் என்பதெல்லாம் டாக்டர் பார்க்க வேண்டியது.

ஜூன் 6

“தமிழில் இதெல்லாம் சொல்ல முடியாது, இங்கிலீஷிலேயே படிக்க வேண்டியதுதான்” என்று ஒரு சார் எழுதியிருக்கிறார். 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் பையன்களுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்து டாக்டர் ஆக்கினார், அதற்காகப் புத்தகங்களையும் தமிழில் கொண்டுவந்தார். நூற்று ஐம்பது வருஷத்துக்கும் முன்னால் முடிந்தது சார். டிஸ்சார்ஜ் தாளில் ‘உள்ளே டியூப் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும்’ என்று ஒரே ஒரு தமிழ் வரி இருந்திருந்தால் எங்கள் மாமா அந்த விமானம் ஏறியிருக்க மாட்டார்.

ஜூன் 9, காலை

கருங்கல் தங்கச்சி, அம்மாவுக்கு வெளியே வந்த கல்லின் படம் பார்த்தேன். மிளகைவிடச் சின்னது, ஒரு பக்கம் முள்ளு முள்ளாக. டீ அரிப்பு வைத்துப் பிடித்தது நல்ல வேலை. கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள், என்ன கல் என்று சோதித்துச் சொல்வார்கள். பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட்டாக இருக்கும், யூரிக் ஆசிட் என்றால் மருந்தும் சாப்பாடும் வேறு. வலி நின்றுவிட்டதே என்று திரும்ப ஸ்கேன் எடுக்காமல் விட்டுவிடாதீர்கள், தேங்கின நீர் வடிந்ததா என்று பார்க்க வேண்டும்.

ஜூன் 12, இரவு 9.50

‘போத் கிட்னீஸ் அண்ட் யூரிட்டர்ஸ் அன்ரிமார்க்கபிள்’ என்று வந்திருக்கிறது, மாமி அதைப் பார்த்து மறுபடியும் ஏதோ சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை என்று அர்த்தம் தங்கச்சி. நான் அடிக்கிற வார்த்தைகளில் எனக்குப் பிடித்த வார்த்தை அதுதான். அம்மா படுத்துவிட்டாலும் எழுப்பிச் சொல்லுங்கள்.